விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க வராது

கேள்வி: சூரியநெல்லி பக்கம் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன்; வயது 36. ஜனவரியில் மூணாறு அருகே காலை 7 மணிக்கு நடக்கவிருக்கும் அமெச்சூர் சைக்கிளோகிராஸ் (கரடுமுரடான பாதையில் தடைகளைத் தாண்டி ஓட்டும் சைக்கிள் பந்தயம்) போட்டியில் கலந்துகொள்ள ஆசை. பனியில் பழகும்போது பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துவிடுகின்றன. ஓட்டி முடித்ததும் இருமலும் இழுப்பும் வருகின்றன. பதிவு, வாடகைச் சைக்கிள், குளிர் உடை எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார் ஒரு ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் விரல்களைப் பார்ப்போம்.

மார்பும் வயிறும் குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக உடல் கைகால்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே விரலுக்கு மருந்து மார்புக்குக் கொடுக்கும் சூடுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டால் பிரேக் பிடி எங்கே இருக்கிறது என்பதே விரலுக்குத் தெரியாது. காற்றுப் புகாத மெல்லிய கையுறை ஒரு ஜோடி போதும். மலைப்பக்கத்தில் பலரும் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலம் தோலில் சுரீரென்ற உணர்வைத் தருமே தவிர உடலின் சூட்டைக் காக்காது. பிராந்தியோ தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும்.

பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வேரூன்றிய சைக்கிளோகிராஸ் அங்கே சேற்றிலும் பனியிலும் நடப்பதுதான். இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் வரையுள்ள சுற்று. 40 சென்டிமீட்டர் உயரப் பலகை குறுக்கே வந்தால் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். அமெச்சூர்களுக்குப் பெரும்பாலும் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தக் கடும் உழைப்பில் முதல் சுற்றிலேயே உடல் கொதித்துவிடும் என்பதால், குளிர் உங்களைப் பிடிப்பது ஓட்டத்தின்போது அல்ல, அதற்கு முன் நிற்கும் நேரத்தில்தான். இருபது நிமிடம் ஓட்டி உடலைச் சூடேற்றி, கடைசியில் சில விநாடிகள் முழு வேகத்தில் மூன்று நான்கு முறை மிதித்து, அதன் பிறகு பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்காமல் புறப்பட வேண்டும். நம் ஊரில் அது நடக்கிறதா? சிறப்பு விருந்தினர் வரவேண்டும், மாலை விழ வேண்டும், பேச வேண்டும். மூணாறு பக்கத்துச் செண்டுவாரையிலும் லெட்சுமி எஸ்டேட்டிலும் பூஜ்ஜியத்தைத் தொடக்கூடிய ஜனவரி விடியலில், சூடேறிய பிள்ளைகளை நாற்பது நிமிடம் வரிசையில் நிற்கவைத்த ஒரு போட்டியில் நான் பயிற்சியாளராக நின்றிருக்கிறேன். ஓட்டம் முடிந்து வந்த என் மாணவன் ஒருவனால் ஹெல்மெட்டின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. அவன் தாடைக்கடியில் கை வைத்து நான்தான் கழற்றினேன். ஜெர்சிக்குள்ளே பருத்திப் பனியன், பிழிந்தால் தண்ணீர் சொட்டும் நிலையில் இருந்தது. பதிவுப் படிவத்தில் இரத்தப் பிரிவு முதல் தாத்தா பெயர் வரை கேட்கிறவர்களுக்கு, உடை மாற்ற ஒரு தார்ப்பாய் மறைப்புக் கட்டத் தோன்றுவதில்லை.

ஆகவே கொடியசைக்க இரண்டு நிமிடம் இருக்கும்வரை ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். அப்போது அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆளை உடன் அழைத்துச் செல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஜெர்சிக்குள் மார்பின் மேல் பழைய செய்தித்தாள் நாலைந்து தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் மலை இறங்கும் சைக்கிள் வீரர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது இது, காசு செலவில்லை.

இனி அந்த ஏஜென்ட். பதிவுக் கட்டணத்தை நடத்துகிறவர்களுக்கே நேராகக் கட்டி, ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். விதிமுறை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தால், போட்டி ரத்தானால் பணம் திரும்புமா என்ற வரியை மலையாளம் படிக்கத் தெரிந்த நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தமிழர் இத்தனை பேர் வாழும் மலையில் ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சிட என்ன தடை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 'குளிர் உடை' என்று தருவதன் உள்பட்டையைப் பாருங்கள்: பருத்தி என்றிருந்தால் அது குளிரை வரவழைக்கும் உடை. நனைந்தாலும் சூடு காப்பது கம்பளியும் பாலியெஸ்டரும்தான். வாடகைச் சைக்கிளில் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையவில்லை என்றால், சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அந்தச் சைக்கிள் வேண்டாம்.

இழுப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுக்கும்போது சிலருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். போட்டிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஓட்டத்துக்குக் கால்மணி நேரம் முன்னால் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் எடுக்கச் சொல்லக்கூடும். அது தடை செய்யப்பட்ட மருந்து என்று யாராவது பயமுறுத்துவார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிப்படி, இன்ஹேலரில் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டாமல், எடுக்கலாம். வழக்கமான இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 என்பதால், இரண்டு அழுத்தம் வெறும் 200தான். ஆனால் இந்த விலக்கு உறிஞ்சும் மருந்துக்கு மட்டும். அதே சால்பியூட்டமால் மாத்திரையாகவோ சிரப்பாகவோ போனால் தடை. மருந்தை ஆவிபோல் உள்ளிழுக்கவைக்கும் நெபுலைசர் கருவியில் ஒரு முறை வைக்கும் அளவே, வழக்கமாக 2500 மைக்ரோகிராம், வரம்பைத் தாண்டிவிடும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் என்ற, சால்பியூட்டமால் வகையைச் சேர்ந்த மருந்து இருக்கிறது. அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதே. அமெச்சூர் போட்டியில் சோதனை வரலாம், வராமலும் போகலாம். புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். புறப்படும்போது வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சற்றே சூடாகும். மார்பில் வலியோ இறுக்கமோ வந்தால் அந்தச் சுற்றிலேயே இறங்கிவிடுங்கள்.

முடித்ததும் படம் எடுக்க நிற்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஈர உடை முழுவதும் கழன்று, உலர்ந்த பனியன், கம்பளிக் குல்லா, காலுறை மேலே ஏற வேண்டும். ஒரு பிளாஸ்க் நிறையச் சீனி போட்ட கட்டன்சாயாவை (பால் சேர்க்காத தேநீர்) ஜாக்கெட் வாங்கியவரிடமே கொடுத்து வையுங்கள். பரிசளிப்பு எப்படியும் தாமதமாகத்தான் நடக்கும்.