குமுளி லாட்ஜும் குரல் தேடலும்

கேள்வி: குமுளியில் சிறிய லாட்ஜ் நடத்துகிறோம். தமிழில் வெப்சைட் இருக்கிறது. இப்போது பலரும் போனில் பேசித்தான் ரூம் தேடுகிறார்கள். "தேக்கடி பக்கத்துல ரூம்" என்று கேட்டால் எங்கள் பெயர் வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒரு சோதனை. உங்கள் வெப்சைட்டில் ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் சரி. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கூகுள் அதைத் தமிழாகப் படிக்காது. எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. வாடகை விவரத்தைப் படமாகப் போட்டிருந்தால் அதையும் எழுத்தாக அடித்துவிடுங்கள்.

அடுத்தது கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் மேப்பில் உங்கள் லாட்ஜுக்கான விவரப் பக்கம். "பக்கத்துல" என்று கேட்டாலே மேப்பில் உள்ள விவரங்கள்தான் முன்னால் வரும். பொருத்தம், தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த இடம் என்ற மூன்றையும் கூகுள் பார்க்கிறது. தூரத்தை மாற்ற முடியாது. போன் நம்பர், நேரம், மேப்பில் இருக்கும் இடம் ஆகியவை சரியாக இருப்பது உங்கள் கையில்.

இனி வெப்சைட்டில் எழுதுவது. உங்கள் பக்கத்தில் "இயற்கை எழில் கொஞ்சும் சூழலில் சொகுசான அறைகள்" என்று இருக்கலாம். போனில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ரிசப்ஷனில் ஒரு நோட்டு வைத்து, போன் செய்கிறவர்கள் கேட்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஐயப்ப சீசனில் இப்படி ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ரூம் கிடைக்குமா? வேன் நிறுத்த இடம் இருக்கா?" இதையே தலைப்பாக வையுங்கள். கீழே நேரடியாகப் பதில்: "கிடைக்கும். இரவு முழுவதும் ஆள் இருப்பார். வேன் நிறுத்தலாம், பெரிய பஸ்ஸுக்கு இடமில்லை." இவ்வளவு போதும். குரலில் வாசித்துக் காட்ட இரண்டு மூன்று வரிப் பதில்தான் தோதானது. இடமில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நள்ளிரவில் பஸ்ஸோடு வந்து நிற்பவர்கள் பாவம். படகுத்துறை எவ்வளவு தூரம், வெந்நீர் எத்தனை மணி வரை, லோயர் கேம்ப் மலைப்பாதையில் ஏறி வந்தால் எங்கே திரும்ப வேண்டும், எல்லாவற்றையும் இதே முறையில் எழுதலாம்.

கோட்டயம் பக்கத்து விருந்தினர்களுக்கு மலையாளத்தில் தனிப் பக்கம் போடுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியையும் கலக்க வேண்டாம்.

"எஃப்ஏக்யூ ஸ்கீமா சேர்த்தால் முதலிடம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உள்ள கேள்வி-பதிலை கூகுளுக்கு அடையாளம் காட்டும் குறியீடுதான் அது; அதை வைத்து கூகுள் தேடல் முடிவிலேயே கேள்வி-பதிலைக் காட்டி வந்தது. அந்தக் காட்சியை 2023 ஆகஸ்டிலேயே பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது.

எல்லாம் முடிந்தபின் உங்கள் போனில் சோதிக்காதீர்கள். நீங்கள் லாட்ஜிலேயே இருக்கிறீர்கள், பழைய தேடல்களும் அதில் இருக்கும். கம்பத்தில் இருக்கும் உறவினர் யாரையாவது அவர் போனில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூகுள் புதிய பக்கத்தைப் படிக்க சில வாரங்கள் ஆகலாம்.