மாமாவின் நெகட்டிவ் பெட்டிகள்

இறந்துபோன நெருங்கியவர்களின் பொருட்களை என்ன செய்தீர்கள், தூக்கிப்போட மனம் வந்ததா என்பது கேள்வி. எனக்கு மனம் வரவில்லை.

போன ஐப்பசியில் என் தாய்மாமா போய்விட்டார். மாரடைப்பு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் துணிமணிகளை அத்தை பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொடுத்துவிட்டார். கேமராக்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். பரண் முழுக்க இருந்த நெகட்டிவ்களைத்தான் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கொளுத்திவிடலாம் என்றார் ஒரு பெரியவர். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கரையோர ஊர்களில் வீட்டோடு சேர்ந்து சுவரில் மாட்டியிருந்த படங்களும் போய்விட்டன. செத்தவர்களுக்கு மாலை போட்டு விளக்கேற்றக்கூட ஒரு படம் இல்லை. சில வாரம் கழித்து தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். "அண்ணே, எம் மவ கல்யாணத்துக்கு நீங்கதான் படம் புடிச்சீங்க. எதுனா இருக்குமா?"

மாமா பரணில் ஏறினார். ஒவ்வொரு காக்கிக் கவர் மேலும் பெயர், தெரு, மாதம், வருடம் எழுதி வைப்பது அவர் வழக்கம். அந்தக் கல்யாணமும் இருந்தது. சொந்தக்காரர்களோடு நிற்கிற குரூப் போட்டோவிலிருந்து அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. சேதி பரவி மற்றவர்களும் வந்தார்கள். யாரிடமும் வாங்கவில்லை. கலர் நெகட்டிவ்களை லேபுக்குத் தன் செலவில் அனுப்பினார். கறுப்பு வெள்ளைக்காக, மூடிக் கிடந்த இருட்டறையைத் திரும்பத் திறந்தார்.

அந்த அறையில்தான் என் சின்ன வயசு விடுமுறைகள் கழிந்தன. ஃபிலிம் கழுவும்போது கும்மிருட்டு. கைத்தடவலிலேயே வேலை நடக்கும். பிரிண்ட் போடும்போது சிவப்பு விளக்கு, அந்தத் தாளில் சிவப்பு வெளிச்சம் பதியாது என்பதால். ரசாயனத் தட்டில் தாளை அமிழ்த்திவிட்டு, "அவசரப்படாத பாப்பா. கறுப்புதான் மொதல்ல வரும். முடி வரும், கண்ணு வரும், முகம் மெதுவா வரும்" என்பார். அவர் விரலில் எப்போதும், படம் அழியாமல் நிலைக்கச் செய்யும் ஹைப்போ ரசாயனத்தின் வாடை இருக்கும். பருக்களை நெகட்டிவிலேயே பென்சிலால் மறைப்பார். அம்மைத் தழும்பை மட்டும், உரியவர் கேட்டாலொழிய தொட மாட்டார். அது அந்த முகத்தின் அடையாளம் என்பார். அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த மரியாதைதான்.

அவருக்கும் ஒரு படம் வைக்க வேண்டுமே. வீட்டில் தேடியபோது என் காதுகுத்துப் படம் கிடைத்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும், அதனால் அன்றைக்குக் கேமரா உதவியாளர் கையில். அதிலும் மாமா லென்ஸைப் பார்க்கவில்லை. அந்தப் பையன் விளக்கை எந்தப் பக்கம் பிடிக்கிறான் என்று பார்க்கிறார். நேராகப் பார்க்கிற படம்தான் வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு அப்படித்தான் இருப்பாரு, இதையே போடுங்க" என்றார். அதையே போட்டோம்.

இனி நெகட்டிவ்கள். பழைய ஃபிலிமின் அடித்தளம் பெரும்பாலும் அசிடேட் என்கிற ஒருவகை பிளாஸ்டிக். கடல் காற்றின் ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அது சிதையத் தொடங்கி வினிகர் வாடை அடிக்கும். அதிலிருந்து கிளம்பும் அமிலம் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அதனால் வாடை வந்தவற்றை முதலில் தனியே எடுத்தேன். மேலே இருக்கும் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சணம் பிடிக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை இழுத்துப் பிரிக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயலில் ஸ்டுடியோவின் கூரைத் தகடுகள் பறந்தபோது, மாமா முதலில் தார்ப்பாய் போட்டு மூடியது இந்தப் பெட்டிகளைத்தான். அப்படியும் கொஞ்சம் நனைந்திருக்கின்றன. மற்றவற்றைப் புதுக் காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன். வெளிச்சப் பலகையில் வைத்துக் கேமராவால் படம் எடுத்து, கணினியில் நேர்ப்படமாக மாற்றுகிறேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி எண்மமாக்கியது என்று அறிந்தபோது, இது வெறும் குடும்பப் பாசம் மட்டுமல்ல என்று தெம்பு வந்தது.

கவரில் தெரு இருப்பதால் விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பலர் வீடு மாறிவிட்டார்கள். ஆனால் கிடைக்கிற ஒவ்வொரு வீட்டிலும் எனக்குத் தெரியாத மாமா ஒருவர் இருக்கிறார். மஞ்சக்குப்பத்தில் வயதான ஓர் அம்மா, தன் வீட்டுக்காரர் சிரிக்கும் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவரு சிரிக்கிற ஆளே இல்லம்மா. ஒங்க மாமா காதுல என்னமோ சொன்னாரு, சிரிச்சிட்டாரு. என்ன சொன்னாருன்னு கடைசி வரைக்கும் எங்கிட்ட சொல்லல." அந்த அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காரியத்தன்று வராத அழுகை எனக்கு அங்கே வந்தது.

இன்னும் பிரிக்காத பெட்டிகள் நிறைய இருக்கின்றன. 1980, 90-களில் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், தேவனாம்பட்டினம் பக்கம் உங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ நடந்திருந்தால், தெருப் பெயரும் வருடமும் எழுதி அனுப்புங்கள். தேடிப் பார்க்கிறேன். மாமா வழக்கப்படியே, காசு வேண்டாம்.