‘மிகவும் திருப்தி’ என்று டிக் அடித்துவிட்டு வந்தேன்!

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு எச்.ஐ.வி. சிகிச்சை பற்றியவை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர் எதுவும் போடவில்லை.

கேள்வி: ஏழு வருடமாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன முறை போனபோது ‘எங்கள் சேவை எப்படி இருக்கிறது’ என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அதே அம்மா பக்கத்திலேயே நின்றார். அன்றைக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தேன், எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள், டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லாக் கேள்விக்கும் ‘மிகவும் திருப்தி’ என்று டிக் அடித்துவிட்டு வந்தேன். நான் செய்தது தப்பா மேடம்?

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. அடுத்த மாத மாத்திரை யார் கையிலிருந்து வர வேண்டுமோ அவரே தலைமாட்டில் நிற்கும்போது யார்தான் குறை எழுதுவார்கள்? நானும் பல வருடம் ஒரு சிகிச்சை மையத்தில் கவுன்சிலராக இருந்தவள்தான், இதே மாதிரிப் படிவத்தை நீட்டியும் இருக்கிறேன். ஒரு பெரியவர் ‘குறைகள்’ என்ற இடத்தில் ‘ஒன்றும் இல்லை, எல்லோரும் தெய்வம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போனதும் இன்னொருவரிடம் இங்கே கழிப்பறைக்குத் தாழ்ப்பாள்கூட இல்லையே என்று புலம்பியதை என் காதாலேயே கேட்டேன். நாங்கள் என்னவோ அந்தத் ‘தெய்வம்’ படிவத்தைத்தான் மேலே அனுப்பினோம்.

இந்த வம்பு ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும். 1994-இல் வந்த பி.எஸ்.கியூ.-18 என்ற நோயாளி திருப்திப் படிவத்தில் 18 வாக்கியங்கள் இருக்கும். சில பாராட்டாக இருக்கும், சில குறையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று டிக் அடித்துக்கொண்டே போனால் நீங்களே உங்களை மறுத்துப் பேசியது போல் ஆகிவிடும், படிக்கிறவருக்கும் விஷயம் புரிந்துவிடும். அதோடு, ‘திருப்தியா’ என்று மொத்தமாக மட்டும் கேட்டு விடமாட்டார்கள். டாக்டர் எவ்வளவு நேரம் பேசினார், சொன்னது புரிந்ததா, மரியாதையாக நடத்தினார்களா, வந்துபோவது சுலபமா, செலவு தாங்குகிறதா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். நீங்களும் அடுத்த முறை ‘திருப்தி இல்லை’ என்று எழுத வேண்டாம். ‘பெயர் சொல்லிக் கூப்பிடாமல் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடுங்கள்’ என்று எழுதுங்கள். முதலாவது கோபமாகத் தெரியும், இரண்டாவதை நாளைக் காலையிலேயே செய்துவிடலாம். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தால், படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிப் பெட்டியில் போடலாமா என்று கேளுங்கள்.

இன்னொன்று. ரகசியம் காப்பது அவர்கள் உங்களுக்குச் செய்கிற உபகாரம் கிடையாது. 1983-இலேயே, மருந்தே இல்லாத காலத்தில், அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் பாதித்தவர்கள் கூடி ஒரு அறிக்கை எழுதினார்கள். பாகுபாடு இல்லாத தரமான சிகிச்சை எங்கள் உரிமை, எங்கள் மருத்துவ விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்று அதிலேயே கேட்டுவிட்டார்கள். நாம் இன்னும் தாழ்ப்பாளில் நிற்கிறோம்.

கேள்வி: எச்.ஐ.வி. சிகிச்சை மையம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். திருப்தி பற்றிக் கேட்டால் ஏறக்குறைய எல்லோருமே நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் மாதாமாதம் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். திருப்தியாக இருக்கிறவர்கள் ஏன் நிற்க வேண்டும்?

பதில்: நின்றவரும் நீங்கள் கேட்டவரும் வேறு வேறு ஆட்கள் சிஸ்டர். வந்தவரிடம் மட்டும்தான் படிவம் போகிறது. கோபித்துக்கொண்டு போனவர், பக்கத்து வீட்டுக்காரரை அந்த வரிசையில் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியவர், வேலையில் லீவு கிடைக்காதவர், இவர்களில் ஒருவருடைய டிக்கூட உங்கள் கணக்கில் இருக்காது.

என் அனுபவத்தில் நிற்பது இப்படித்தான் ஆரம்பிக்கும்: ஏதோ ஒரு காரணத்தால் நாலு நாள் மாத்திரை விட்டுப்போகும், தேதி தவறி வருவார், ‘உங்களுக்கே அக்கறை இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வது’ என்று யாராவது நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவார்கள் (நானே சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் கூசுகிறது), அப்புறம் அடுத்த முறை தவறும்போது திட்டு வாங்க வேண்டுமே என்றே வரமாட்டார். மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிப்போய் மருந்து கேட்காமல் போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ‘ஏன் விட்டீர்கள்’ என்று தொடங்காமல், ‘மாத்திரை விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான், இந்த மாதம் எத்தனை நாள் விட்டுப்போச்சு’ என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான எண் வரும்.

நின்றுபோனவர்களைத் தேடிப் போய்க் கேட்பதற்கு, இதே மாத்திரையைச் சாப்பிடுகிற ஒருவரை அனுப்புவது நல்லது. சிகிச்சை பெறுகிறவர்களே மையங்களைக் கண்காணித்துக் குறைகளைத் திரட்டும் முறை இப்போது பல நாடுகளில் நடக்கிறது. வெள்ளைக் கோட்டிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்லுவார்கள்.

கேள்வி: என் வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. மையத்தில் யாரும் சரியாகப் பேசுவதில்லை என்று சொன்னால், ‘மருந்துதான் வேலை செய்கிறதே, அப்புறம் என்ன குறை’ என்கிறார் கணவர். நான் நன்றி கெட்டவளா?

பதில்: இல்லவே இல்லை. உங்கள் கணவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1987-இல் முதல் மருந்தான ஏ.இஸட்.டி. வந்தபோது நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தூக்கத்தில் அலாரம் வைத்து எழுந்து சாப்பிட்டார்கள். 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்தபோது உயிர் பிழைத்தார்கள், ஆனால் கைநிறைய மாத்திரை. இன்றைக்குப் பலருக்கு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் எதைக் கொடுத்தாலும் திருப்தி என்றுதான் சொல்வார்கள். ஆனால் மருந்து நன்றாக இருப்பதும் மையம் நன்றாக இருப்பதும் ஒன்று கிடையாது.

ஒன்று கேட்கிறேன். வைரஸ் இப்படிப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தே இருக்கும்வரை உடலுறவு மூலம் உங்களிடமிருந்து கணவருக்குத் தொற்றாது என்று அங்கே யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? ஆண் ஜோடிகளை வைத்து நடந்து 2019-இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஆணுறை இல்லாத உறவு 76,000 முறைக்கு மேல் கணக்கில் வந்தது, துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. அதற்கு முன்னால் ஆண்-பெண் ஜோடிகளும் சேர்ந்த ஆய்விலும் இதே கதைதான். 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு இந்த நிலைக்கு வந்த உங்களிடம் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடமும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அடுத்த முறை கணவரையும் கூட்டிக்கொண்டு போய், இருவர் முன்னாலும் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக ஒரு நாள்கூட மாத்திரை தவறியதில்லை. ஆனாலும் மாதாமாதம் வரச் சொல்கிறார்கள். அதற்காகவே ஒரு வேலை போய்விட்டது. கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேள் தம்பி. சிகிச்சையில் நிலையாக இருக்கிறவர்களுக்கு 3 முதல் 6 மாதத்துக்கான மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே சொன்னது, 2021-இல் முடிந்தவரை 6 மாதம் என்றது. கையிருப்பு இல்லை என்று சொன்னால், எப்போது வரும் என்று தேதி கேள். போகும்போது கடைசியாக எடுத்த வைரஸ் அளவுப் பரிசோதனைத் தாளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ, பேச்சே அதிலிருந்துதான் தொடங்கும்.