வாசலில் நிற்கும் தென்னந்தூரை எப்படி எடுப்பது?

கேள்வி: காய்ப்பு குறைந்துபோன இரண்டு தென்னை மரங்களைப் போன ஐப்பசியில் வெட்டினோம். தூர் இரண்டும் ஒன்றரை அடி உயரத்துக்கு அப்படியே நிற்கின்றன. ஒன்று வாசல் நடுவில், மற்றொன்று சுற்றுச்சுவரை ஒட்டி. அதன் அடியில் தண்ணீர்க் குழாய் போகிறது. உப்புக் கொட்டச் சொல்கிறார் ஒருவர், ஆசிட் ஊற்றச் சொல்கிறார் இன்னொருவர். தீ வைக்கலாமா என்றும் யோசிக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 40 மரம் உள்ள தோப்பு இருக்கிறது. என்ன செய்யலாம்?
(ஒரு விவசாயி, ஆனைமலை வட்டாரம்)

பதில்: போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த 40 மரம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டதுங்க. மக்கத் தொடங்கிய தென்னந்தூர், தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு தேடி வந்து முட்டையிடும் இடம். எருக்குழியைப் போலவே இதுவும் அதற்குத் தொட்டில். அதனால் தானாக மக்கட்டும் என்று விடாதீர்கள். வைகாசிக் கடைசியில் தென்மேற்கு மழை பிடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

உப்பு வேண்டாம். கன்று நடும் குழியிலேயே கல்லுப்புப் போடுகிறவர்கள் நாம். தென்னை உப்பைத் தாங்கும் மரம். தவிர, வேம்பு, புளி மாதிரி தென்னந்தூர் மறுபடி துளிர்க்காது. குருத்தோடு மரம் சாய்ந்தபோதே அது செத்துவிட்டது. அதைக் கொல்ல மருந்து தேவையில்லை. கொட்டும் உப்பு மண்ணில் தங்கி, அடுத்து நீங்கள் வைக்கும் செடியைத்தான் கெடுக்கும். ஆசிட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தீயும் சரிப்படாது. மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே நார் நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். பிள்ளைகள் ஓடியாடும் வாசலில் அது ஆபத்து.

தோண்டி எடுப்பதுதான் வழி. பயப்பட வேண்டாம், தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடிக்கிழங்கைச் சுற்றி விரல் பருமனில் ஆயிரக்கணக்கான வேர்கள்தான். முதல் நாள் சாயங்காலம் தூரைச் சுற்றித் தண்ணீர் கட்டுங்கள். மறுநாள் தூரிலிருந்து இரண்டடி தள்ளி வட்டமாகக் குழி எடுத்து, கடப்பாரையை உள்பக்கம் சாய்த்துக் குத்தி வேர்களை அறுத்துக்கொண்டே இறங்குங்கள். இரண்டு, இரண்டரை அடி ஆழத்தில் கிழங்கின் அடி தெரியும். சுற்றிலும் அறுத்துவிட்டால் இரண்டு பேர் நெம்பிச் சாய்க்கலாம். டிராக்டரில் சங்கிலி கட்டி இழுப்பதாக இருந்தாலும் வேரை அறுத்த பிறகே இழுங்கள். இழுக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. சங்கிலி தெறித்தால் காலை முறித்துவிடும்.

சுவர் ஓரத்தில் இருக்கும் தூரில் இந்த வேலை வேண்டாம், குழாய் உடையும். தென்னை மரத்தில் வைரம் வெளிச்சுற்றில்தான், நடுப்பகுதி சோறு மாதிரி மென்மை. எனவே கோடாலியை நடுவில் போட்டுக் குடைந்து, உள்ளிருந்து வெளியே சிம்பு சிம்பாகப் பிளந்து எடுங்கள். தரைக்கு அரை அடி கீழே வரை எடுத்தால் போதும். அடியில் மிஞ்சுவதை மண் போட்டு மூடுவதற்கு முன்னால், பச்சை மஸ்கார்டின் பூஞ்சைக் கரைசல் 250 மில்லியை 750 மில்லி தண்ணீரில் கலந்து ஊற்றி நனையுங்கள். இது வண்டின் புழுவுக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சை. எருக்குழிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவுதான் இது. உங்கள் எருக்குழிக்கும் ஒரு முறை ஊற்றிவிடுங்கள். விவரம் வேண்டுமானால் உங்களுக்குப் பக்கத்திலேயே ஆழியார் நகரில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

பிளக்கும்போது உள்ளே டீத்தூள் மாதிரி உதிர்ந்து கிடந்தால் கையை விட்டுக் கிளறிப் பாருங்கள். பெருவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு, வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள் இருக்கும். கோழிகளை அவிழ்த்து விடுங்கள், ஒன்று மிச்சம் வைக்காது. வெட்டிய சிம்புகளை மூலையில் குவித்து வைக்காமல் வெயிலில் காயவைத்து அடுப்புக்கு எடுத்துவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். வெட்டுவதற்கு முன் அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிந்ததா? தூரில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? அப்படியானால் அது தஞ்சாவூர் வாடல் என்கிற, அடிமரத்தை அழுகவைக்கும் பூஞ்சை நோயாக இருக்கலாம். அந்தத் தூரை மட்டும் வேரோடு எடுத்து வெளியே கொண்டுபோய் எரிக்கத்தான் வேண்டும். பக்கத்து மரங்களுக்கு ஒரு சதவீத போர்டோக் கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி), மரத்துக்கு 40 லிட்டர், அடியைச் சுற்றி ஊற்றுங்கள்.

குழியை வெறும் மண்ணால் நிரப்புங்கள். சாணமும் மட்டைத்தூளும் போட்டால் வண்டைத் திரும்ப அழைத்த மாதிரிதான். அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்துங்கள்.

அப்புறம், இனி மரம் வெட்ட நேர்ந்தால் தூரை விட்டு அறுக்காதீர்கள். முதலில் சுற்றி வேரை அறுத்து, உச்சியில் கயிறு கட்டி இழுத்தால், சாயும் மரத்தின் எடையே கிழங்கைப் பெயர்த்துக்கொண்டு வரும். வீட்டுப் பக்கம் சாயாமல் இருக்க, மரம் ஏறிப் பழகிய ஆளை வைத்துச் செய்யுங்கள்.

இந்த வாரம் தோப்பை ஒரு சுற்று வந்து பாருங்கள். விரிந்த ஓலையில் விசிறி மாதிரி வெட்டு தெரிந்தால் வண்டு ஏற்கனவே குருத்தைக் குடைந்திருக்கிறது. குருத்தில் இன்னும் வண்டு இருந்தால் கொக்கிக் கம்பியால் குத்தி வெளியே எடுங்கள்.