சண்டிரெஜோவில் வீடு பார்க்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்தேன். இந்தோனேசியாவில், ஜாவாவின் போரோபுதூர் பக்கம் சண்டிரெஜோ கிராமத்தில் ஒரு வருடத்துக்கு வீடு எடுத்து, வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்த்து, பிடித்துப்போனால் ஒரு துண்டு நிலம் வாங்கி அங்கேயே தங்கிவிடலாம் என்று நீங்களும் மனைவியும் யோசிக்கிறீர்கள். இணையம் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா, மாதச் செலவு என்ன, எரிமலைக்குப் பயப்பட வேண்டுமா, ஊர்க்காரர்கள் சேர்த்துக்கொள்வார்களா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இணையம் வேலைக்குப் போதும். செலவு அவரவர் கையைப் பொறுத்தது. விசா விதி அடிக்கடி மாறும், அதைக் குடிவரவு அலுவலகத்திலேயே கேளுங்கள். யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். நிலத்தையும் ஊரையும் பற்றி மட்டும் விவரமாகச் சொல்கிறேன். வருகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது அந்த இரண்டில்தான்.

நிலம் வாங்கும் ஆசையை முதலில் இறக்கி வையுங்கள். 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ என்னும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அனுமதி இருந்தால் ‘ஹக் பாக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை கிடைக்கும்: முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. இல்லையென்றால் வாடகை. இதற்கு நடுவில் யாராவது ஒருவர் வந்து, “என் பெயரில் வாங்கிக்கொள்ளலாம், நமக்குள் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம்” என்பார். நல்ல மனிதராகவே இருப்பார், சிக்கல் அவர் குணத்தில் இல்லை. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, வெளிநாட்டவர் கைக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ உரிமை போகும்படி செய்த விற்பனை செல்லாது என்கிறது; நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. அவர் இறந்து பிள்ளைகள் “இது எங்கள் அப்பா சொத்து” என்றால் வழக்குக்கும் போக முடியாது. போனால் குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. “எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள்” என்று தைரியம் சொல்கிற நம் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் தரகு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

இந்தோனேசியரை மணந்தவர்களும் இதை வாசிக்கலாம், அவர்களுக்காக ஒன்று. சொத்தைப் பிரித்து வைக்கும் திருமண ஒப்பந்தம் இல்லையென்றால், இங்கே பிறந்த துணையும் முழு உரிமை நிலத்தைத் தன் பெயரில் வைத்திருப்பதில் சிக்கல் வரும். முன்பு அதைத் திருமணத்துக்கு முன்பே எழுத வேண்டியிருந்தது. 2016இல் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, திருமணமாகி வாழும்போதும் நோட்டரியிடம் எழுதிப் பதியலாம்.

வாடகைக்கு வருவோம். கிராமத்தில் மாத வாடகை அபூர்வம். ‘கொன்ட்ராக்’ என்றால் வருடப் பணம் முழுவதும் முன்கூட்டியே. இரண்டு படி எழுதி, இரண்டிலும் 10,000 ரூபியா மெதராய் முத்திரை ஒட்டி, முத்திரையின் மேல் ஏறும்படி கையெழுத்துப் போட்டு, தெருத் தலைவரைச் சாட்சி வையுங்கள். நிலவரி யார் கட்டுவது, கிணற்றில் பக்கத்து வீட்டுக்குப் பங்கு உண்டா, கழிவுக்குழி கிணற்றிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு முற்றத்து மரங்கள். தென்னை, ரம்புத்தான், துரியான் காய்ப்பு வீட்டுக்காரருடையதா உங்களுடையதா என்று எழுதிக்கொள்ளாவிட்டால், ஒரு நாள் காலையில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் முற்றத்து மரத்தில் ஏறி நிற்பார். மரத்தோடு காய்ப்பை மொத்த விலைக்கு வாங்கிய வியாபாரி அவர். அவர் மேல் தப்பில்லை.

அடுத்து, மனை யாருடையது என்று கேளுங்கள். ‘பெங்கொக்’ நிலம் என்றால் உஷாராக இருங்கள். அது கிராமத்தின் சொத்து. தலைவரும் மற்ற அலுவலர்களும் பதவியில் இருக்கும் வரை சம்பளத்துக்குப் பதிலாகவோ சம்பளத்தோடு சேர்த்தோ அனுபவிப்பது. ஆற்றோரம், மெனோரே குன்று தெரிகிற மாதிரி, அழகாக இருக்கும். ‘பாக் லுரா’, அதாவது கிராமத் தலைவர், மலிவாகவே கொடுப்பார். அவர் பதவி முடிந்தால் உங்கள் ஒப்பந்தமும் முடிந்த மாதிரிதான். தலைவர் பதவி 2014 கிராமச் சட்டத்தில் ஆறு ஆண்டு, 2024 திருத்தத்துக்குப் பிறகு எட்டு. எந்த வருடம் பதவியேற்றார் என்று கேட்டுக் கணக்குப் போடுங்கள். அந்த மண்ணில் செங்கல் வைத்து எதையும் கட்டாதீர்கள்.

இந்த வழக்கம் நேற்று வந்ததில்லை. மெராபி, மெர்பாபு, சும்பிங், சிந்தோரோ என்று நான்கு எரிமலைகளுக்கும் தெற்கே மெனோரே குன்றுகளுக்கும் நடுவில் கிடக்கிற இந்தச் சமவெளிக்குக் ‘கெடு’ என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஜாவாவின் நல்ல மண்ணில் இதுவும் ஒன்று. முன்பு இங்கே ஆண்ட மாத்தராம் என்னும் ஜாவானிய அரசின் மன்னர்கள் தங்கள் உறவினருக்கும் அதிகாரிகளுக்கும் பணமாகச் சம்பளம் கொடுக்கவில்லை. கெடுவிலும் தெற்கே பகெலெனிலும் ஊர்களின் விளைச்சலைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். 1812இல் ஆங்கிலேய ஆளுநர் ராஃபிள்ஸ் காலத்தில் கெடு ஆங்கிலேயர் கைக்குப் போனது, பிறகு டச்சுக்காரர்களுக்கு. டச்சுக்காரர்களோடு நடத்திய ஐந்து ஆண்டுப் போருக்குப் பின் பேச்சுவார்த்தைக்கு வந்த இளவரசர் திபோநெகோரோவை 1830 மார்ச் 28 அன்று மாகெலாங்கில் ‘ரெசிடென்ட்’ என்ற டச்சு அதிகாரியின் மாளிகையில் வைத்துத்தான் பிடித்தார்கள். அந்த ஆண்டே பகெலெனும் டச்சுக்காரர் கைக்குப் போனது. மேலே ஆட்சி இத்தனை முறை மாறியும், அலுவலருக்கு நிலத்தால் கூலி என்ற ஏற்பாடு கிராம மட்டத்தில் அப்படியே நின்றுவிட்டது.

வாரிசுச் சிக்கலுக்கும் வரலாறு உண்டு. 1905இல் டச்சு அரசு குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது முதலில் அனுப்பியது இந்தக் கெடு மாகாணத்து 155 குடும்பங்களைத்தான். தெற்குச் சுமத்ராவில், லாம்புங்கில் இறங்கினார்கள். அங்கே அவர்கள் அமைத்த ஊருக்கும் பகெலென் என்றுதான் பெயர். அதன் பிறகும் போய்க்கொண்டே இருந்தார்கள். ஜாவானியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகத் வடக்குச் சுமத்ராவின் தேலி புகையிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். நம் தமிழ்க் கூலிகளும் அங்கே இருந்தார்கள். ஆகவே, தாத்தா பெயரிலேயே கிடக்கும் நிலத்துக்கு லாம்புங்கில் ஒரு பங்காளி இருப்பது இங்கே சாதாரணம். நீண்ட காலக் குத்தகை பேசினால் நில உரிமைச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். ‘லெத்தர் சே’ என்ற கிராம நிலவரிப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கிறது, சான்றிதழ் இல்லை என்றால், எல்லா வாரிசும் கையெழுத்திட்டார்களா என்று கேளுங்கள். நில ஆவண அதிகாரி மூலம் நில அலுவலகத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். செலவு சொற்பம்.

இனி ஊர். வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் ‘பாக் எர்.தே.’யைப் பார்க்க வேண்டும். சில பத்துக் குடும்பங்களுக்கு ஒரு தெருத் தலைவர் அவர். கடவுச்சீட்டு நகலும், கையில் ஒரு பொட்டலம் சர்க்கரையும் தேயிலையும் எடுத்துக்கொண்டு, மனைவியோடு, அந்தி நேர மக்ரிப் தொழுகைக்குப் பிறகு போங்கள். அந்த ஒரு சந்திப்பிலேயே உங்களுக்கான கடமைகள் தெரிந்துவிடும்: மாதச் சந்தா, இரவுக் காவல் முறை, ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவு. ‘ஜிம்பித்தான்’ இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டு முகப்பில் சின்ன டப்பாவோ மூங்கில் குவளையோ தொங்கும். தினமும் ஒரு பிடி அரிசியோ ஒரு 500 ரூபியா நாணயமோ அதில் போட வேண்டும். இரவுக் காவல்காரர்கள் எடுத்துப் போவார்கள். தொகை ஒன்றுமில்லை. ஆனால் டப்பா காலியாக இருந்தால் மறுநாள் தெருவுக்கே தெரியும். “ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுகிறேன்” என்று பெருந்தன்மை காட்டாதீர்கள். ஊருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் தினமும் அங்கே இருக்கிறீர்கள் என்பது.

கல்யாணத்துக்கு உறை. நம் மொய் நோட்டு மாதிரியேதான்: உறையின் மேல் பெயரும் குடியிருப்பும் எழுதுவார்கள், வீட்டுக்காரர் குறித்து வைப்பார், ஒரு நாள் அதே அளவு திரும்ப வரும். அதிகமாக வைத்தால் பெருமை இல்லை. அவர் தலையில் கடன் ஏற்றியதாகும். தொகை எவ்வளவு என்று பக்கத்து வீட்டில் கேட்டு அதையே வையுங்கள். பெண்கள் அரிசி, சர்க்கரை, சேமியா என்று பையில் கொண்டுபோவார்கள். உங்கள் மனைவி முதல் நாளே சமையலுக்குக் கைகொடுக்கப் போனால், வெங்காயம் உரிக்கும் இரண்டு மணி நேரத்தில் ஊரில் பாதிப்பேரை அறிந்துகொள்வார். ஜாவானிய நாட்காட்டியின் சுரோ மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பெசார் மாதத்தில் வாரத்துக்கு நான்கு உறைகூட வரும், கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

சாவு அதைவிட முக்கியம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் சொன்னதும் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுப் போக வேண்டும், பெரும்பாலும் அன்றே அடக்கம். பிறகு 3, 7, 40, 100ஆம் நாள், முதலாண்டு, இரண்டாமாண்டு, கடைசியாக 1000ஆம் நாள் என்று ஓதலும் சோறும் நடக்கும். நீங்கள் இந்துவாக இருந்தாலும் கூப்பிடுவார்கள். பாயில் உட்கார்ந்து அமைதியாக இருந்தால் போதும். கடைசியில் கொடுக்கும் ‘பெர்காட்’ பொட்டலத்தில் கோழியோ முட்டையோ இருக்கும். சைவம் என்று அங்கேயே மறுக்காதீர்கள், வாங்கிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள். புதியவரை நாற்காலியில் உட்கார வைப்பார்கள், அது மரியாதை. என்னை இப்போது யாரும் நாற்காலி பக்கம் காட்டுவதில்லை, பாயில் இடம் விடுகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, அதில் எனக்குப் பெருமைதான்.

இதைச் செய்யாமலும் வாழலாம். தேக்குத் தூண் வைத்த, ஜோக்லோ என்னும் பழைய ஜாவா மர வீட்டைப் பெயர்த்து வாங்கி, வயல் நடுவே நிறுத்தி, சுற்றி ஆளுயரச் சுவர் எழுப்பி, விடிகாலைத் தொழுகை அழைப்புச் சத்தம் அதிகம் என்று புகார் சொல்லும் வெளிநாட்டவர்கள் உண்டு. நம்மவர்களிலும் இருக்கிறார்கள், யோக்யகர்த்தாவில் வீடு எடுத்துக்கொண்டு “கிராமத்தில் இருக்கிறேன்” என்று படம் போடுகிறவர்கள். சுவர் எழுப்பியவர்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் நின்றால் நகரத்திலிருந்துதான் ஆள் வர வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பேச்சுக்கு, இந்தோனேசிய மொழி போதும் என்பார்கள். கடைக்கும் அலுவலகத்துக்கும் போதும். கிழவர் கிழவிகளிடம் ஜாவானிய மொழியில், அதிலும் மரியாதை நடையில் நாலு வாக்கியமாவது வேண்டும். கூலித் தோழர்கள் பேசும் சாதாரண நடையைக் கற்றுக்கொண்டு அதைப் பெரியவரிடம் பேசிவிடாதீர்கள்; அதைவிடத் தப்பும் தவறுமான இந்தோனேசியமே மேல். ஒலி நமக்குக் கஷ்டமில்லை, தகரமும் டகரமும் அங்கேயும் வேறு வேறு. அவர்கள் ‘ங்கிஹ்’ என்றால் காது கொடுத்தேன் என்று பொருள், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.

எரிமலை. சண்டிரெஜோ மெராபி உச்சியிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, நெருப்பு அங்கே வராது. வருவது சாம்பல். 2010இல் போரோபுதூர் முழுக்கச் சாம்பல். 2014 பிப்ரவரியில் கிழக்கே வெகு தொலைவிலுள்ள கெலுட் எரிமலை வெடித்தபோதும் சாம்பல் கொட்டியது. கூரைச் சாம்பலை மழைக்கு முன் இறக்க வேண்டும். நனைந்தால் எடை கூடி, முதலில் விழுவது தாழ்வாரத்துத் தட்டைக் கல்நார்த் தகடுகள். லேசாகத் தண்ணீர் தெளித்து, வாரி, சாக்கில் கட்டுங்கள். குழாய் வைத்துச் சாக்கடையில் அடித்துவிட்டால் அங்கே இறுகி அடைத்துக்கொள்ளும். கிணற்று வாயை மூடுங்கள், முகக்கவசம் போடுங்கள், வண்டிக் கண்ணாடியை உலரத் துடைக்காதீர்கள். சாம்பலைவிட மோசம், மழையில் எரிமலைச் சாம்பலும் கல்லும் கரைந்து ஆற்றோடு ஓடிவரும் ‘லஹார்’ சேறு. 2011 தொடக்கத்தில் கலி புத்தி ஆறு திசை மாறி, சலாம் ஒன்றியத்தில் ஜுமோயோ அருகே மாகெலாங்–யோக்யகர்த்தா சாலையையே பாறையும் மணலுமாக மூடியது. மெராபி மேல் கனமழை என்றால் அந்தச் சாலையில் பாலம் தாண்டும் முன் விசாரியுங்கள். அதே சலாம் ஒன்றியத்தில்தான், வுகிர் குன்றின் மேல், அரசன் சஞ்சயனின் 732ஆம் ஆண்டுக் கல்வெட்டு கிடைத்தது. சமஸ்கிருத மொழி, பல்லவ எழுத்து. மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளைப் பார்த்த கண்ணுக்கு அந்த எழுத்தின் சாயல் தெரியும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை: தெம்பே, தோஃபு, பச்சைப்பயறு, தட்டாம்பயறு, தேங்காய், பனை-தென்னை வெல்லம், புளி எல்லாம் சந்தையில் உண்டு. கிராமச் சந்தை ஐந்து நாள் சுற்றில் கூடும். லெகி, பாஹிங், பொன், வாகெ, க்ளிவொன் என்று எந்த நாள் எந்த ஊர் என்பதை எழுதி அடுப்படியில் ஒட்டிக்கொள்ளுங்கள். துவரையும் உளுந்தும் கொண்டுவாருங்கள். முருங்கை வேலியோரம் நிற்கும்; ஆனால் ஜாவாவில் பிணம் கழுவும் நீரில் அந்த இலையைப் போடுவார்கள், சூனியம் போக்கவும் எடுப்பார்கள். அதனால் பல வீடுகளில் சமைக்க மாட்டார்கள். கேட்டுப் பறியுங்கள், முருங்கைக்கீரைப் பொரியலை விருந்தாளிக்கு வைக்காதீர்கள்.

கிரைண்டர் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மீட்டரைப் பாருங்கள். 450 வோல்ட்-ஆம்பியர் என்றால் இரண்டு ஆம்பியர்தான், 900 என்றால் நான்கு. சோற்றுக் குக்கரும் கிணற்று மோட்டாரும் ஓடும்போது கிரைண்டரைப் போட்டால் சுவிட்ச் விழும், மோட்டார் கிளம்பும் நொடியில்தான் அதிகம் இழுக்கும். வீட்டுக்காரர் சம்மதத்தோடு 1300க்கு ஏற்றச் சொல்லுங்கள். முன்பணம் கட்டும் மீட்டர், 20 இலக்க எண்ணைத் தட்ட வேண்டும். மிச்சம் குறைந்தால் கூவும், இரவில் கூவினால் தெருவே எழும். மூன்று கிலோ பச்சை எரிவாயு உருளை ஏழைகளுக்கான மானியம். கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள், 5.5 கிலோ உருளை வாங்குங்கள்.