நிறுத்துக் கொட்டும் குப்பை

கேள்வி: தென்கொரியாவில் சாப்பாட்டுக் குப்பையை எடை போட்டுக் காசு வாங்குகிறார்களாமே! நம் ஊருக்கு அது சரிப்பட்டு வருமா? (வாசகி, தாம்பரம்)

உண்மைதான். மகள் சூவோனில் வேலை பார்த்தபோது மூன்று மாதம் அங்கே இருந்தேன். குடியிருப்பின் கீழே இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி. அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டியதும் எத்தனை கிலோ என்று திரையில் எண் ஓடும். மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தோடு அதற்கும் சேர்த்து பில் வரும். ஒரு காபி விலைகூட ஆகாது. ஆனால் அந்த எண் தினமும் கண்ணில் படுகிறதே, அதுதான் ஆளை மாற்றுகிறது. முதல் வாரம் மிச்ச சாம்பாரை அப்படியே ஊற்றப் போனேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணிக்கும் சேர்த்துக் காசும்மா, வடிச்சிட்டுப் போடு."

அடுத்த கூத்து வெங்காயத் தோல். அங்கே அது உணவுக் கழிவே இல்லை! முட்டை ஓடு, எலும்பு, தேயிலைச் சக்கை எல்லாம் பொதுக் குப்பைக்குத்தான். விலங்குகள் தின்னுமா என்பதே கணக்கு, ஏனென்றால் ஒரு பங்கு தீவனமாகப் போகிறது. முருங்கைக்காய்ச் சக்கை எதில் சேரும் என்று கேட்டேன். மகள் முழித்தாள்.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை. 1995-ல் பொதுக் குப்பைக்கு விலை கொடுத்து வாங்கும் பை வந்தது. 2005-ல் உணவுக் கழிவை நேராகக் குப்பைக் கிடங்கில் கொட்டத் தடை. அப்புறமும் அதைப் பிழிந்த கழிவுநீரைக் கடலில்தான் விட்டார்கள். 2013-ல் அதுவும் நின்றது. அளவுக்கேற்ற கட்டணம் நாடு முழுக்க வந்ததும் அதே ஆண்டுதான். இன்று அங்கே உணவுக் கழிவில் 90 சதவீதத்துக்கு மேல் உரமாகவோ தீவனமாகவோ எரிவாயுவாகவோ மாறுகிறது. குறையும் உண்டு. அவர்கள் சாப்பாட்டில் உப்பு தூக்கல், அது உரத்திலும் ஏறிவிடுகிறது.

நமக்கு? வீட்டுக்கு வீடு தராசு வேண்டாம் என்பேன். மாதத்துக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க எத்தனை பை சாக்கடையில் விழும் என்று எனக்குத் தெரியும். நிறுப்பதென்றால் கல்யாண மண்டபத்தில் தொடங்கட்டும். 2016-ன் திடக்கழிவு விதிகளே நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனி வகையாகப் பிரித்துவிட்டன. ஒரு முகூர்த்தத்தில் பந்தி முடிந்ததும் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாயசம், அப்பளம், தொடாத ஜாங்கிரியோடு மடித்த இலைகள், நடுநடுவே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். இப்படிக் கலந்து போவதெல்லாம் கிடங்கில் காற்றுப் படாமல் அழுகி மீத்தேனாகிறது. 2022 ஏப்ரலில் சென்னையின் பெருங்குடி குப்பைக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததே, தீ பிடித்துவிட்டால் அந்த வாயு அதற்கு நல்ல தீனி.

கேள்வி: நான் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்? (வாசகர், மதுரை)

எனக்கும் இதே எரிச்சல் இருந்தது. ஒருநாள் பேட்டரி வண்டியை மறித்துச் சண்டைக்கே போய்விட்டேன். ஓட்டி வந்த அம்மா பச்சைத் தொட்டிகளின் மூடியைத் திறந்து காட்டினார். எங்கள் தெருவுக்கு வருமுன்பே இளநீர்க் கோம்பையால் நிரம்பி வழிந்தன. "நான் எங்கக்கா போடுறது?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆகவே புகார் எழுதும்போது "கலக்கிறார்கள்" என்று எழுதாதீர்கள். அந்த அம்மா தலையில்தான் விடியும். எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் தொட்டி நிரம்புகிறது என்று எழுதி, இன்னொரு நடை வண்டி கேளுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன். இப்போது இளநீர்க் கோம்பைக்கு மட்டும் தனியாக ஒரு வண்டி வருகிறது, செவ்வாயும் வெள்ளியும்.