லைம் நோய்: மாத்திரை முடிந்த பிறகும் ஏன் இந்த அசதி?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் காட்டுப்பாதையில் நடந்துவிட்டு வந்தேன். அப்புறம் முழங்காலுக்குப் பின்னால் ஒரு திட்டு வந்தது. உண்ணி எதையும் நான் பார்க்கவில்லை. அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார்கள். அந்த வாரமே எடுத்த லைம் (உண்ணி கடித்தால் வரும் கிருமித் தொற்று) பரிசோதனையும் நெகட்டிவ். பல மாதம் கழித்து முட்டி வீங்கி மடக்க முடியாமல் போனபோதுதான் இன்னொரு டாக்டர் லைம் என்று கண்டுபிடித்து, 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். வீக்கம் வடிந்துவிட்டது. அசதி, உடம்புவலி, மறதி போகவில்லை. “எல்லாம் மனப்பிரமை” என்கிறார் கணவர். ஒரு வருடம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால் குணமாகும் என்கிறது ஒரு தனியார் கிளினிக். சேமிப்பையெல்லாம் போட்டுச் செய்துகொள்ளலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த ஒரு வருட சிகிச்சைக்குப் பணம் கட்டாதீர்கள். அதற்காக உங்கள் வலியை நான் நம்பவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்க நம்புகிறேன்.

லைம் கிருமியைப் பரப்பும் உண்ணி, இளம் பருவத்தில் கசகசா அளவுதான் இருக்கும். முழங்கால் மடிப்பு, அக்குள் போன்ற இடங்களில் ஒட்டிக்கொள்ளும். கடிப்பது வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. திட்டும் ஏமாற்றும். வெள்ளைத் தோலில் வளையம் வளையமாக இருக்கும் படத்தையே எல்லோரும் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். பலருக்கு வளையமே வராது, ஒரே நிறமாகப் பரவும். நம் மாநிறத் தோலில் சிவப்பும் சரியாகத் தெரியாமல், கன்றிப்போன மாதிரி இருக்கும். அதைப் பார்த்து களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது சேர சில வாரங்கள் ஆகும். திட்டு இருந்த நாட்களில் நெகட்டிவ் வந்ததில் வியப்பில்லை; அந்தக் கட்டத்தில் தோலைப் பார்த்தே மருந்தைத் தொடங்கியிருக்க வேண்டும். அதே ஆன்டிபாடி, நோய் போன பிறகும் வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ஆகவே இன்று பாசிட்டிவ் வந்தால் “கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது” என்று அர்த்தமில்லை. யாராவது அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

முறையாக மருந்து சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு, நீங்கள் சொல்லும் இதே தொல்லைகள் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. காரணம் இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் 2001இல் அமெரிக்காவிலும் 2016இல் நெதர்லாந்திலும் வெளிவந்த ஆய்வுகளில், மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கும் வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் முன்னேற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நரம்பில் நாள்கணக்கில் குழாய் இருந்தால் அதன் வழியாகவே ரத்தத்தில் தொற்று ஏறலாம். அப்படி உயிரிழந்தவர்களும் உண்டு.

இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்ததே நம்ப மறுக்கப்பட்ட தாய்மார்களால்தான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் வசித்த பாலி மரே, தன் குடும்பத்தினருக்கு வந்த காய்ச்சல், தடிப்பு, மூட்டு வீக்கம் எல்லாவற்றையும் வருடக்கணக்கில் குறித்து வைத்தார். டாக்டர்கள் தட்டிக்கழித்தும் விடவில்லை. அவரும் இன்னொரு தாயும் 1975இல் சுகாதாரத் துறையிடம் போன பிறகே விசாரணை தொடங்கியது. நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். தூங்கிய நேரம், வலித்த இடம், எந்த வேலைக்குப் பிறகு படுத்துவிட்டீர்கள் என்று தினமும் இரண்டு வரி போதும். அந்த நோட்டோடு, முட்டி வீக்கத்தைப் பார்த்து லைம் என்று கண்டுபிடித்த அந்த டாக்டரிடமே போங்கள். தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12, தூக்கத்தில் மூச்சுத் தடை, வேறு மூட்டுவாதம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் லைம் தலையில் போட்டுவிட்டு, எளிதாகச் சரிசெய்யக்கூடிய ஒன்றை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

உடம்பு கொஞ்சம் தேறிய நாளில் தேங்கிய வேலையெல்லாம் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். அடுத்த மூன்று நாள் படுக்கையில் போய்விடும். பாதியில் நிறுத்திவிட்டு உட்காருங்கள், யார் என்ன சொன்னாலும் சரி.

கணவரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் பத்து முறை சொல்லிக் கேட்காததை டாக்டர் வாயால் ஒருமுறை கேட்டால் புரிந்துகொள்ளக்கூடும்.

முட்டி மறுபடி வீங்கினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, படபடப்போ மயக்கமோ வந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கம் திரும்பினால் இன்னொரு முறை, சில வாரங்களுக்கு மட்டும், மருந்து தருவது ஏற்கப்பட்ட முறைதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.